ஓட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கம்

தார்ன்ஹைத்
1885 செப்டம்பர் 6, ஞாயிறு

அன்புள்ள லெவி மச்சானுக்கு,

எழுத்து மேடும் பள்ளமுமாக இருப்பதைப் பொறுத்துக்கொள். ஐம்பத்தெட்டு வருஷம் சணல் திரித்த கை இது. பேனாவைக் கயிறு மாதிரி இறுக்கிப் பிடிக்காதீர்கள் என்று பள்ளியில் சொல்கிறார்கள். இறுக்கினால்தான் அது கையில் இருப்பதே எனக்குத் தெரிகிறது. இதுவரை எழுதியதற்கே ஒரு பிற்பகல் போய்விட்டது. ஆனால் மச்சான், யாரும் சொல்லச் சொல்ல எழுதவில்லை. யாரும் என் கையைப் பிடித்து நகர்த்தவில்லை. ஓபெத் ஸ்கார்ஃப். பார், என் பெயரை நானே எழுதிவிட்டேன்.

குவேக்கர் சபைக்காரர்கள் இங்கே பெரியவர்களுக்கென்று ஞாயிறு காலைப் பள்ளி நடத்துகிறார்கள். மிஸ் பிரைக் என்பவர் சொல்லித்தருகிறார். எழுபத்தொரு வயதில் எதற்கு என்று கேட்பாய். எண்பதாம் வருஷத் தேர்தலால்தான். ரகசிய ஓட்டு வந்த பிறகு எல்லோருக்கும் ரகசியம், எழுத்துத் தெரியாதவனுக்கு மட்டும் கிடையாது. அதிகாரி முன்னால் நின்று படிக்கத் தெரியாது என்று சொல்ல வேண்டும். பிறகு யாருக்கு என்று வாயால் சொல்ல வேண்டும். மஞ்சள் கட்சிக்காரனும் நீலக் கட்சிக்காரனும் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். நான் வாயைத் திறக்குமுன் மஞ்சள்காரன், "தாத்தா, இந்தத் தடவை எத்தனை பேருக்குப் போடப் போறீங்க?" என்றான். நீலக்காரன் சிரித்தான். இரண்டு கட்சியும் ஒன்றாகச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். எதற்குச் சிரித்தார்கள் என்று உனக்குத் தெரியும்.

நம் தொகுதி இனி இல்லை. சட்டம் ஜூன் மாதம் வந்தது. ஒரு காலத்தில் பாராளுமன்றத்துக்கு இரண்டு பேரை அனுப்பினோம். அறுபத்தெட்டிலிருந்து ஒருவரை. இனி யாருமில்லை, நாங்கள் மாவட்டத்தின் ஒரு மூலை. அதனால் அச்சுக்கூடக்காரர் டன்னேஜ் நம் ஊர்த் தேர்தல்களின் சரித்திரத்தை ஒரு சிறு புத்தகமாகப் போடுகிறார். அறுபத்தைந்தாம் வருஷத்துக்கு என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று கேட்டேன். "ஒரே வரிதான் ஓபெத். ஒரு கயிறு திரிப்பவன் தன் ஓட்டை விற்றதால் மஞ்சள் கட்சியின் அவெனல் ஒரே ஓட்டில் தோற்றார். உங்க பேரைப் போடல, பயப்படாதீங்க" என்றார். பெயரைப் போடாவிட்டால் ஊருக்குத் தெரியாதாம்.

நான் விற்கவில்லை, லெவி. விற்றேன் என்று முதலில் சொன்னவன் நீ. நம் சபையில் எழுந்து நின்று, யார் யாருக்குப் போட்டார்கள் என்று அச்சடித்த ஓட்டுப் புத்தகத்தை விரித்து, என் பெயரைப் படித்தாய். என்னைச் சபையிலிருந்து நீக்கினார்கள். அடுத்த வசந்தத்தில் என் தங்கையைக் கூட்டிக்கொண்டு ஹல் நகரத்துக்குப் போய்விட்டாய். இருபது வருஷம். கெசாயா இன்னும் என்னை ஓட்டு விற்றவன் என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பாள். அவள் அப்படி நினைத்துக்கொண்டே கண்ணை மூடக்கூடாது, நானும் மூடக்கூடாது. நீ டன்னேஜுக்கு ஒரு வரி எழுது. இந்தக் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டு.

உன் மைத்துனன்,
ஓபெத்


ஹல்
1885 செப்டம்பர் 10

ஐயா,

ஓபெத் ஸ்கார்ஃப் என்ற பெயரில் தாங்கள் அனுப்பிய கடிதம் கிடைத்தது. ஓபெத் ஸ்கார்ஃபுக்கு எழுதத் தெரியாது. என் திருமணப் பதிவேட்டில் சாட்சியாக அவன் போட்டது ஒரு பெருக்கல் குறி. அதுவும் கோணல்.

ஆகவே தாங்கள் யார் என்று கேட்க வேண்டியிருக்கிறது. டன்னேஜ் என்றால், புத்தகத்துக்குச் சரக்குப் போதவில்லை என்று புரிகிறது. ஏதாவது கட்சியின் வக்கீல் என்றால், இன்னும் இரண்டு மாதத்தில் தேர்தல் என்பது எனக்கும் தெரியும். இருபது வருஷத்துக்கு முந்தைய விவகாரத்தில் என் கையெழுத்தோடு ஒரு தாள் கிடைத்தால் அதைச் சுவரில் ஒட்டிப் பிழைக்கக்கூடியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எழுத்து கோணலாக இருப்பதற்கு மன்னிப்புக் கேட்டது நல்ல நடிப்பு. இடது கையால் எழுதினீர்களா?

நான் இந்த ஊரில் கப்பல் பாய் தைத்துப் பிழைப்பவன். சபையில் மூப்பர். எனக்கு விரோதிகள் இல்லை, புதிதாக யாரும் வேண்டாம்.

ஒருவேளை, நான் நம்பவில்லை, இருந்தாலும் ஒருவேளை, நீங்கள் ஓபெத்தாகவே இருந்தால் இதற்குப் பதில் சொல்லுங்கள். என் கல்யாணத்தன்று என் தொப்பிக்கு என்ன ஆனது? அதற்குக் காரணம் யார்? அப்போது கெசாயா என்ன சொன்னாள்? இது மூன்று பேருக்குத்தான் தெரியும். எந்த வக்கீலும் ஊகிக்க முடியாது.

லெவி மாப்ஸ்


தார்ன்ஹைத்
1885 செப்டம்பர் 20, ஞாயிறு

அன்புள்ள மச்சான்,

உன் கடிதத்தை நானே படித்தேன். என்னை வக்கீல் என்று சொன்ன இடத்தில் சந்தோஷத்தில் எழுந்து நின்றுவிட்டேன். கயிற்றுக் கொட்டகையில் எல்லோரிடமும் காட்டினேன். "பாருங்கடா, என் எழுத்தைப் பார்த்து ஒருத்தர் என்னை வக்கீல்னு நெனச்சிருக்காரு" என்றேன்.

தொப்பி கயிற்றுக் கொட்டகைத் தார்ச் சட்டியில் விழுந்தது. காரணம் நான். கூரைக் கொக்கியில் மாலை கட்ட ஏணியில் ஏறியவன், இறங்கும்போது முழங்கையால் இடித்தேன். கெசாயா, "தொப்பி போனாப் போகுது. உள்ளே வைக்க ஒண்ணுமில்லாதவருக்கு அது எதுக்கு?" என்றாள். போதுமா? இந்தக் கடைசி வரியை எழுதும்போது எனக்குச் சிரிப்பு வந்து மை சிந்திவிட்டது. பக்கத்தின் ஓரத்தில் இருக்கும் கறை அதுதான். கட்சிச் சின்னம் என்று நினைத்துவிடாதே.

டன்னேஜிடம் அறுபத்தைந்தாம் வருஷ ஓட்டுப் புத்தகத்தை இரவல் வாங்கினேன். ஊரில் ஓட்டுரிமை உள்ள ஒவ்வொருவன் பெயரும், அவன் யாருக்குப் போட்டான் என்பதும் அச்சில். இப்போதுள்ளவர்களுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். முதல் பக்கத்திலிருந்து ஒரு பெயர் விடாமல் படித்துக்கொண்டு வந்து, நேற்று என்னைப் பிடித்தேன். ஸ்கார்ஃப், ஓபெத், கயிறு திரிப்பவர். அவெனல் பெயருக்குக் கீழே ஒரு கோடு. இளைய ராஷ் பெயருக்குக் கீழே இன்னொரு கோடு.

அன்று சபையில் நீ விரித்துக் காட்டியபோது எனக்கு அது வெறும் மை. "நான் மஞ்சளுக்குத்தான் போட்டேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அது உண்மைதானே. இரண்டாவதைப் பற்றி யாராவது பேசுகிறார்கள் என்றே எனக்குத் தோன்றவில்லை.

டன்னேஜ்தான் இப்போது விளக்கினார். இரண்டு இடம், ஆளுக்கு இரண்டு ஓட்டு. நீலக் கட்சி கர்னல் லஷர், இளைய ராஷ் என்று இருவரை நிறுத்தியது. மஞ்சள் கட்சிக்கு அவெனல் ஒருவர்தான். ஆகவே மஞ்சள்காரன் ஓட்டு மேடையில் ஏறி அவர் பெயரை மட்டும் உரக்கச் சொல்லிவிட்டு, வாயை மூடிக்கொண்டு இறங்க வேண்டும். "நீங்க ஒரு கையால குடுத்து மறு கையால புடுங்கிட்டீங்க ஓபெத்" என்றார். லஷர் 214, ராஷ் 187, அவெனல் 186. அந்த 187இல் ஒன்று நான்.

எனக்கு இதை யாரும் சொல்லவில்லை, லெவி. எல்லோருக்கும் தெரிந்தது என்பதால் ஒருவரும் சொல்லவில்லை. ஏழு வருஷம் தொழில் பழகி, ஊர் உரிமையோடு ஓட்டும் பெற்றவன் நான். அந்த உரிமையில் பாதியை மேடையிலேயே விட்டுவிட்டு வருவது பாவம் என்று நினைத்தேன். குமாஸ்தா "ரெண்டாவது யாருக்கு?" என்றான். எதிரே ராஷ் என்னைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார். அதுவரை எனக்கு யாரும் தொப்பி கழற்றியதில்லை. "அவருக்கு" என்றேன். முதல் ஓட்டு விருப்பத்துக்கு, இரண்டாவது மரியாதைக்கு என்று நினைத்தேன். ஒரு வாய் பீர்கூட வாங்கவில்லை. மூடனாக இருந்தேன், விற்றவனாக இல்லை. இதை அவளிடம் சொல்.

ஒன்று கேட்க வேண்டும். உன் பெயர் இருக்க வேண்டிய பக்கத்தை இரண்டு முறை படித்தேன், கண்ணில் படவில்லை. புதிதாகப் படிப்பவன் கண், எங்கோ தவறவிட்டிருக்கும். மறுபடி தேடுகிறேன்.

உன் கடிதத்தில் கெசாயாவைப் பற்றி ஒரு சொல் இல்லையே. நலமாக இருக்கிறாளா?

ஓபெத்

அம்மாவின் செம்புக் கெண்டியை விற்றுவிட்டேன். அதையும் அவளிடம் சொல்லிவிடு.


ஹல்
1885 செப்டம்பர் 25

ஓபெத்துக்கு,

நீ ஓபெத்தான். ஒப்புக்கொள்கிறேன்.

படிப்பு வந்தது மகிழ்ச்சி. வேதத்தைப் படி. பழைய ஓட்டுப் புத்தகங்கள் பொடி எழுத்தில் இருக்கும், உன் வயதில் கண்ணுக்கு ஆகாது. அதை டன்னேஜிடம் திருப்பிக் கொடுத்துவிடு. அவற்றில் அச்சுப் பிழைகளும் ஏராளம்.

டன்னேஜுக்கு நான் எழுதுவதால் பயனில்லை. ஆறிய புண்ணைக் கீறுவானேன்?

கெசாயா நலம். உன் இரண்டு கடிதங்களையும் படித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், ஒன்றும் சொல்லவில்லை. கெண்டியைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை.

லெவி


தார்ன்ஹைத்
1885 அக்டோபர் 11, ஞாயிறு

லெவி,

கெண்டியை நான் விற்கவில்லை. இதை எழுதும்போது அது அடுப்பில் கொதிக்கிறது.

அம்மா அதை யாருக்குக் கொடுப்பதாகச் சொன்னாள் என்று உனக்கு மறந்துவிட்டது. கெசாயாவுக்கு. அதை விற்றேன் என்று என் தங்கை காதில் விழுந்திருந்தால் அவள் ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருப்பாளா? ஹல்லிலிருந்து அவள் போடும் சத்தம் இங்கே கேட்டிருக்கும். நீ அவளுக்குப் படித்துக் காட்டவில்லை. ஒரு வரிகூடப் படித்துக் காட்டவில்லை. என்னிடமிருந்து கடிதம் வருகிறது என்பதே அவளுக்குத் தெரியாது. சரிதானே?

ஏன் என்று யோசித்தேன். எனக்கு விடை கிடைத்தது வேறு இடத்தில்.

படிக்கத் தெரிந்தவர்கள் தங்களுக்கு வேண்டியதை மட்டும் படிக்கிறார்கள். நான் அப்படியில்லை. ஒரு புத்தகம் கையில் கிடைத்தால் அட்டையிலிருந்து அச்சடித்தவர் முகவரி வரைக்கும் படிப்பேன். எதை விட்டாலும் எனக்கு நஷ்டம் மாதிரி இருக்கிறது. அப்படித்தான் கடைசிப் பக்கத்துக்கு வந்தேன். "ஓட்டுப் போடாதவர்கள்" என்று தலைப்பு. நாற்பத்தொரு பெயர். செத்துப்போனவர்கள், கடலுக்குப் போனவர்கள், படுக்கையில் கிடந்தவர்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு காரணம் இருக்கிறது. ஒரே ஒரு பெயருக்குக் காரணம் இல்லை. மாப்ஸ், லெவி, பாய் தைப்பவர்.

என் கண்ணை நான் நம்பவில்லை. மிஸ் பிரைக்கிடம் கொண்டுபோய்க் காட்டினேன். விரலை வைத்துப் படித்தார். "சரியாத்தான் படிச்சிருக்கீங்க மிஸ்டர் ஸ்கார்ஃப். ஏன் உங்க முகம் இப்படி ஆயிடுச்சு?" என்று கேட்டார். ஒன்றுமில்லை, கண்ணாடி போட வேண்டும் போல என்றேன்.

காலை எட்டு மணிக்கே முதல் ஆளாகப் போட்டுவிட்டேன் என்று சபையில் எல்லோர் முன்னாலும் சொன்னாய். பிறகு என் பெயரைப் படித்தாய், புத்தகத்தை மூடினாய். மூடியது இப்போதுதான் எனக்கு ஞாபகம் வருகிறது. உனக்குப் பிறகு இந்த ஊரில் யாரும் கடைசிப் பக்கத்தைத் திருப்பவில்லை. செத்தவர்கள் பட்டியலை யார் படிப்பார்கள்?

அன்று நீ எங்கே இருந்தாய்? டன்னேஜுக்காகக் கேட்கவில்லை. கெசாயாவிடம் நீயே சொல். டன்னேஜ் இந்த மாதம் முப்பத்தொன்றாம் தேதி புத்தகத்தை அச்சில் ஏற்றுகிறார். அதுவரை நான் யாரிடமும் வாய் திறக்கமாட்டேன்.

ஓபெத்


ஹல்
1885 அக்டோபர் 16

ஓபெத்,

முப்பத்தொன்றாம் தேதிவரை வாய் திறக்கமாட்டாய் என்றால் முதல் தேதி திறப்பாய் என்று பொருள். எழுத்துக் கற்ற கையோடு மிரட்டல் கடிதமும் எழுதப் பழகிவிட்டாய். குவேக்கர்கள் இதையும் சொல்லித்தருகிறார்களா? பொய்யாக ஒரு கெண்டியை விற்று எனக்குக் கண்ணி வைத்தவன் சத்தியத்தைப் பற்றிப் பேசுகிறாய்.

கேட்டாய் அல்லவா, சொல்கிறேன். காலை ஏழு மணிக்கு நான் படகுத்துறை வழியாக மேடைக்குப் போய்க்கொண்டிருந்தேன். 'பேஷன்ஸ்' என்ற சரக்குப் படகிலிருந்து ஒருவன், "மூப்பரே, பாய் கிழிஞ்சிருக்கு, ஒரு பார்வை பாத்துட்டுப் போயிடுங்க" என்றான். தொழில்காரன், ஏறினேன். நான் பாயைத் தூக்கிப் பார்ப்பதற்குள் கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள். அவர்கள் சட்டைக்குள் நீல நாடா இருந்தது. ஆற்றில் மூன்று மைல் கீழே கொண்டுபோய், ஓட்டு முடிகிற நாலு மணிவரை வைத்திருந்தார்கள். பலவந்தம். உன் மாதிரி ஆட்களின் நீலக் கட்சி செய்த வேலை.

இப்போது நான் கேட்கிறேன். இருபது வருஷமாகக் கேட்காமல் வைத்திருந்த கேள்வி. நான் ஏழு மணிக்கு அந்த வழியாக வருவேன் என்று அவர்களுக்குச் சொன்னது யார்? முந்தைய நாள் மாலை நான் அதைச் சொன்னது உன்னிடம் மட்டும். மறுநாள் நீ ராஷுக்கு ஓட்டுப் போட்டாய். தொப்பி கழற்றினாராம். தொப்பிக்கு ஒரு ஓட்டு என்றால் மைத்துனனைக் காட்டிக்கொடுத்ததற்கு என்ன கழற்றினார்?

கெசாயாவிடம் எதையும் சொல்வதாக இல்லை. அவள் நிம்மதியாக இருக்கிறாள். இனி எழுதாதே. எழுதினால் பிரிக்காமல் திரும்பி வரும்.

லெவி மாப்ஸ்


ஹல்
1885 நவம்பர் 3

மச்சான்,

கெசாயா அங்கே வந்தாளா? வந்தாள், வரவில்லை, இரண்டில் ஒன்றை மட்டும் எழுதினால் போதும்.

நேற்று மாலை பட்டறையிலிருந்து வந்தேன். அடுப்பு அணைந்திருந்தது. அவள் பெட்டியைக் காணவில்லை. உன் கடிதங்களைப் பாய்த்துணிப் பை ஒன்றில் போட்டு, வாயைத் தைத்து, பரணில் வைத்திருந்தேன். தையல் பிரிக்கப்பட்டிருந்தது. பக்கத்து வீட்டு மிசஸ் ஓட்ஸ் வாசலில் நின்றுகொண்டு, "மூணு லெட்டரையும் என்னைப் படிக்கச் சொன்னா. நான் படிச்சேன். 'என் அண்ணன் எழுதுறது தபால்காரனுக்குத் தெரியுது, பரணுக்குத் தெரியுது, எனக்குத் தெரியல'ன்னா. அப்புறம் கப்பல் எத்தனை மணிக்குன்னு கேட்டா" என்று சொன்னாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த திருப்தியை நான் மறக்கமாட்டேன்.

நீதான் அவளை வரவழைத்தாய் என்று முதலில் நினைத்தேன். மிசஸ் ஓட்ஸுக்கு நீ தனியாக எழுதியிருப்பாய் என்றுகூட நினைத்தேன். இரவு முழுக்க அப்படியே யார் யாரையோ சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். விடிந்தபோது ஆள் தீர்ந்துபோய் நான் ஒருவன்தான் மிச்சம்.

பலவந்தம் என்று எழுதினேன். காலையில் அது பலவந்தம்தான். பத்து மணிக்குக் கடல் வற்றத்தில் ஆற்று நீர் இறங்கிவிட்டது. படகு சேற்றில் உட்கார்ந்தது. கரை முப்பது அடி. முழங்கால் ஆழச் சேறு, அவ்வளவுதான். அவர்கள் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் தலையைத் தூக்காமலே, "போறதா இருந்தா இறங்கிப் போங்க மூப்பரே, யாரு புடிச்சா?" என்றான். என் காலில் ஞாயிற்றுக்கிழமை பூட்ஸ். என் முன்னால் சூடாக விலாங்கு மீன் அடை. அதன் பக்கத்தில் ஒரு குவளை. மது தொடமாட்டேன் என்று சபையில் கையெழுத்துப் போட்டவன் நான். சேற்றைப் பார்த்தேன், பூட்ஸைப் பார்த்தேன், ஒரு ஓட்டில் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். இரண்டாவது குவளையை நானே கேட்டு வாங்கினேன்.

மாலையில் ஊருக்குள் வந்தால், அவெனல் ஒரே ஓட்டில் தோற்றார் என்றார்கள். அந்த ஒன்று யார் என்று எல்லோரும் தேட ஆரம்பித்தார்கள். புத்தகம் அச்சாகி வந்ததும் நான்தான் முதலில் வாங்கினேன். கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் பார்த்தேன். அதன் பிறகு வேறு ஒரு பெயர் கிடைக்காதா என்று முன்னாலிருந்து தேடினேன். உன்னுடையது கிடைத்தது.

படகுக்காரர்களுக்கு நீ சொல்லிக்கொடுத்தாய் என்று நான் உண்மையில் நம்பினேனா என்று கேட்காதே. தினமும் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

இந்தக் கடிதத்தை நீ டன்னேஜிடம் கொடுக்கலாம். நான் தடுக்கவில்லை. அவள் வந்தாளா?

லெவி


தார்ன்ஹைத்
1885 நவம்பர் 8, ஞாயிறு

லெவி மச்சான்,

வந்தாள். ஒரு வார்த்தை போதும் என்றாய், ஆனால் எனக்கு எழுத வரும்போது ஒன்றோடு நிறுத்த முடியவில்லை.

செவ்வாயன்று கப்பலிலிருந்து இறங்கினாள். நான் படகுத்துறையில் வலை கட்டும் கயிற்றை இறக்கிக்கொண்டிருந்தேன். இருபது வருஷம் கழித்துப் பார்க்கிறோம். கையிலிருந்த கயிற்றுச் சுருளைக் கீழே வைத்தேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்து, "கெண்டி எங்கே?" என்றாள். விற்கவில்லை என்று என் மூன்றாவது கடிதத்தில் எழுதியிருந்தேனே என்றேன். "மிசஸ் ஓட்ஸ் படிச்சா. அவ எதை விட்டா எதைச் சேர்த்தான்னு யாருக்குத் தெரியும்?" என்றாள். வீட்டுக்கு வந்து, கெண்டியைக் கையால் தொட்டுப் பார்த்து, மூடியைத் திறந்து பார்த்து, அப்புறம்தான் உட்கார்ந்து அழுதாள். நானும் அழுதேன். இரண்டு கிழடுகள்.

மறுநாள் ஓட்டுப் புத்தகத்தை முழுக்கப் படிக்கச் சொன்னாள். நானூற்றுச் சொச்சம் பெயர். என் பெயர் வந்தது, ஓட்டு இரண்டையும் சொன்னேன். "தொப்பியைக் கழட்டினதுக்கா?" என்றாள். ஆமாம் என்றேன். "விக்கலையே?" என்றாள். இல்லை என்றேன். "மடையா" என்றாள். இருபது வருஷமாக நான் காத்திருந்த சொல் அதுதான் போலிருக்கிறது, அவ்வளவு இனித்தது. கடைசிப் பக்கத்தில் உன் பெயர் வந்ததும் மறுபடி படிக்கச் சொன்னாள். பிறகு புத்தகத்தை எடுத்துக்கொண்டு, மழையில், மிஸ் பிரைக் வீட்டுக்கு நடந்தாள். நான் சரியாகப் படித்தேனா என்று சோதிக்க.

ஏழு மணிக்கு நீ வருவாய் என்று சொன்னது யார் என்று கேட்டிருந்தாய். அந்தத் துறையில் உன்னைப் பார்த்துத்தான் கடிகாரத்தைத் திருப்புவார்கள், லெவி. நாய்க்குக்கூடத் தெரியும். நான் சொல்லவில்லை.

கணக்கைப் போட்டுப் பார்த்தேன். நான் வாயை மூடியிருந்தால் ராஷும் அவெனலும் 186, சமன். நீயும் அன்று ஓட்டுப் போட்டிருந்தால் அவெனலுக்கு ஒன்று கூட. நான் ஒருவன் தோற்கடித்தேன் என்று ஊர் சொன்னதும் தப்பு, நீ ஒருவன் என்று நான் இப்போது சொன்னாலும் தப்பு. அதனால் முப்பத்தொன்றாம் தேதி டன்னேஜிடம் போய், விற்றான் என்பதை எடுத்துவிட்டு, ஓபெத் ஸ்கார்ஃப் தன் இரண்டாவது ஓட்டை மரியாதைக்காகப் போட்டான் என்று எழுதுங்கள், பெயரோடு எழுதுங்கள் என்றேன். "பேரோட போட்டா சிரிப்பாங்களே" என்றார். "சிரிக்கட்டும். இந்தத் தடவை எதைப் படிச்சுச் சிரிக்கிறாங்கன்னு நானும் படிச்சுக்குவேன்" என்றேன். உன் பெயரை நான் சொல்லவில்லை. அது அச்சில் இருக்கிறது. கடைசிப் பக்கம் வரை படிப்பவனுக்குக் கிடைக்கும்.

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. ஒரு வரி விடாமல் அவளுக்குப் படித்தேன். சேறு, பூட்ஸ், அடை, இரண்டாவது குவளை. அடுப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "படகுல இருந்தது ஒரு நாள். அதை அன்னைக்குச் சாயங்காலம் சொல்லியிருந்தா, பூட்ஸைத் தொடச்சு வெச்சிருப்பேன்" என்றாள். பிறகு, "அதுக்கப்புறம் எனக்கு எத்தனை விஷயம் படிச்சுக் காட்டியிருக்காரு. வேதம், பேப்பர், லெட்டர். எதுல எதை விட்டாரு?" என்றாள். அவள் என்னையும் ஒரு மாதிரி பார்த்தாள். "நீயும் இதுல எதையும் விடலேன்னு நான் எப்படி நம்புறது?" என்றாள். அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது.

இன்று காலை என்னோடு பள்ளிக்கு வந்தாள். ஆண்களுக்கு மட்டும்தான் என்று வாசலில் ஒருவர் சொன்னார். "எந்த எழுத்து ஆம்பளை எழுத்து, காட்டுங்க பாக்கலாம்" என்று கேட்டுவிட்டு, முன் பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டாள். மிஸ் பிரைக் வாயைப் பொத்திக்கொண்டு பலகையை எடுத்துக் கொடுத்தார். முதல் மூன்று எழுத்து முடிந்தது.

திரும்பி வரும்போது, எப்போது உன் வீட்டுக்குப் போவாய் என்று உனக்காகக் கேட்டேன். "அந்தக் கடைசிப் பக்கத்தை என் கண்ணால படிக்கணும். அவரு லெட்டரையும் என் கண்ணால படிக்கணும். அதுக்கப்புறம் யோசிச்சுச் சொல்றேன்" என்றாள்.

எனக்குப் படிக்க வரப் பதினெட்டு மாதம் பிடித்தது. அவள் என்னைவிடக் கெட்டிக்காரி. ஆனால் அவசரம் என்னவோ அவளுக்கு இல்லை.

நீ இனி எனக்கு எழுத வேண்டாம், அவளுக்கே எழுது. பெரிய எழுத்தாக, ஒன்றையொன்று தொடாமல் தள்ளித் தள்ளி எழுது. அவள் எத்தனை எழுத்துவரை வந்திருக்கிறாள் என்று வருகிற ஞாயிறு பள்ளி விட்டதும் உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன்.

ஓபெத்